மஞ்சள் மங்கினால் மருந்தாகுமா?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பேருந்தில் போகிறவர்கள் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் தாண்டியதும் பாப்பனங்கோட்டைக் கடப்பார்கள். அங்கே தொழிற்பேட்டையில் மத்திய அரசின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. சிஎஸ்ஐஆர் அமைப்பின் கீழ் 1975-இல் தொடங்கி, நெடுங்காலம் வட்டார ஆராய்ச்சிக்கூடம் என்ற பெயரில் இயங்கிய அது, 2007 முதல் என்ஐஐஎஸ்டி என்று அழைக்கப்படுகிறது. களிமண், கனிமணல், நறுமணப் பொருள்கள் என்று கேரள மண்ணில் கிடைப்பதையெல்லாம் ஆராயும் இடம். மலையில் விளையும் மூலிகைகளில் நீரிழிவுக்கு மருந்து தேடும் வேலையும் அங்கே நடக்கிறது.

அந்தத் தேடலின் முதல் படி பார்ப்பதற்கு மிக எளியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் என்ற நொதியைக் கொஞ்சம் விடுகிறார்கள். அதோடு ஏதாவது ஒரு மூலிகைச் சாறு. கடைசியாக, குளுக்கோஸோடு நைட்ரோஃபீனால் பிணைந்த நிறமற்ற சேர்மம் ஒன்று. நொதி அந்தப் பிணைப்பை வெட்டினால் நைட்ரோஃபீனால் விடுபட்டுக் குழி மஞ்சளாகும். சாறு நொதியைத் தடுத்தால் மஞ்சள் மங்கும். 405 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பாய்ச்சி ஒரு கருவி அந்த மஞ்சளை அளந்துவிடும். நொதியின் வேகத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு வேண்டியிருந்தது என்பதை ஓர் எண்ணாக எழுதிவைப்பார்கள். ஐசி50 என்று அதற்குப் பெயர். எண் சிறியதானால் சாறு வலியது.

சீனத்து மூலிகைகளும் நம் சித்த, ஆயுர்வேத மூலிகைகளும் உலகெங்கும் இந்த வகைத் தட்டுகளில் தொடர்ந்து சோதிக்கப்படுகின்றன. ‘சர்க்கரை நோய்க்கு மூலிகையில் தீர்வு’ என்று நாளிதழில் வரும் செய்திகளில் பல, இப்படி எங்கோ ஒரு குழியில் மஞ்சள் மங்கியதிலிருந்து கிளம்பியவை. அந்த மங்கலுக்கும் ஒரு நோயாளி நம்பிக் குடிக்கக்கூடிய மருந்துக்கும் நடுவே நீண்ட தொலைவு இருக்கிறது. அதை முழுதாக நடந்து முடிக்க இந்தியாவில் ஏற்ற ஊர் எது என்று கேட்டால் நான் திருவனந்தபுரத்தைத்தான் சொல்வேன்.

முதலில், இந்த நொதியைத் தடுப்பதால் என்ன பயன் என்பதைப் பார்ப்போம். சோறு, மரவள்ளிக் கிழங்கு, இட்லி, புட்டு எல்லாமே மாவுச்சத்து. குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்தவை. உமிழ்நீரிலும் கணைய நீரிலும் உள்ள அமைலேஸ் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. துண்டுகளைத் தனித்தனிக் குளுக்கோஸாகப் பிரிக்கும் வேலை சிறுகுடலின் உட்சுவருக்கு உரியது. அங்கே மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸ், சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் என்று இரண்டு நொதிகள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் இரட்டை அமைப்பு கொண்டது. ஆகவே வெட்டும் இடங்கள் மொத்தம் நான்கு. இந்த நான்கையும் சேர்த்துத்தான் பொதுவாக ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் என்கிறோம். இவற்றை ஓரளவு மந்தப்படுத்தினால் குளுக்கோஸ் ரத்தத்துக்குள் ஒரேயடியாகப் பாயாமல் மெதுவாகச் சேரும். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஏறும் சர்க்கரையின் உச்சம் தணியும். தட்டு நிறையச் சோறு உண்ணும் நம் நாட்டில் அந்த உச்சம்தான் பெரிய தொல்லை.

தொல்லையின் அளவு சிறியதல்ல. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வந்தன. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். கோவா, புதுச்சேரிக்கு அடுத்தபடியாகக் கேரளம்: வயது வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல்.

குடல் நொதியைத் தடுக்கும் மாத்திரைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அகார்போஸ், ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஆக்டினோபிளேன்ஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து கண்டெடுத்தது. 1990-இல் அந்நாட்டுச் சந்தைக்கு வந்தது. வோக்லிபோஸ், ஜப்பானின் தகேடா நிறுவனத்தின் படைப்பு. அதன் மூலமும் ஒரு மண் நுண்ணுயிர்தான். இந்திய மருந்துக்கடைகளில் வோக்லிபோஸ் சாதாரணமாகக் கிடைக்கும். இவற்றின் குறை என்னவென்றால், செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்தாகிறது. வயிறு உப்புசம், வாயு, சில சமயம் பேதி. அகார்போஸால் நீரிழிவு வருவதையே தள்ளிப்போட முடியுமா என்று பார்த்த ஸ்டாப்-என்ஐடிடிஎம் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. மாத்திரை எடுத்தவர்களில் நோய் வருவது கால் பங்கு குறைந்திருந்தது. ஆனால் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பாதியிலேயே மாத்திரையை விட்டுவிட்டார்கள். அமைலேஸை அதிகம் தொடாமல் குடல் சுவர் நொதிகளை மட்டும் நன்றாகப் பிடிக்கும் மருந்து கிடைத்தால் இந்த அவதி குறையலாம் என்ற எண்ணம் ஆய்வாளர்களிடம் உண்டு. மூலிகைகளிடம் அவர்கள் எதிர்பார்ப்பதில் அது ஒன்று.

கேரள வைத்தியர்கள் நீரிழிவுக்கு எழுதித் தருவனவற்றில் நிசாகதகாதி கஷாயம் முதன்மையானது. மஞ்சள், தேற்றான்கொட்டை, நெல்லி, வெட்டிவேர், சிறுபீளை, பொன்குறண்டி, பாச்சோட்டி ஆகியவை அதில் சேரும். இவற்றில் பாச்சோட்டிப் பட்டையைத் தனியே எடுத்து ஆராய்ந்தது பாப்பனங்கோட்டில் கே. ஜி. ரகுவின் குழு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் உடன் நின்றது. முடிவுகள் 2014-இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளியாகின. பட்டையின் எத்தனால் சாறு, மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 82 மைக்ரோகிராம் அளவில் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸின் வேகத்தைப் பாதியாக்கியது. அவர்கள் அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. வளர்ப்புத் தசைச் செல்கள் இன்சுலினுக்கு இணங்கிக் குளுக்கோஸை உள்வாங்குவது கூடுகிறதா, கொழுப்புச் செல்களில் கொழுப்பு சேர்வது குறைகிறதா, பிடிபி-1பி என்ற இன்னொரு நொதி தடுபடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பிறகு எலிகளிலும் சோதித்தார்கள்.

அந்தச் சாற்றைப் பகுத்தபோது கிடைத்தவற்றில் ஒன்று ஃபுளோரிட்சின். இது பழைய பெயர். 1835-இலேயே ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள். சிறுநீரகம் குளுக்கோஸைத் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்வதை இது தடுக்கும். அந்த வேதிக் கட்டமைப்பைத் திருத்தித் திருத்தித்தான் இன்று நீரிழிவு மருத்துவர்கள் தாராளமாக எழுதும் டபாகுளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் உருவாயின. மரப்பட்டையிலிருந்து மாத்திரை வரை ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

பிடிபி-1பி பற்றி இங்கே ஒரு சொல். இன்சுலின் ஒரு செல்லின் கதவைத் தட்டியதும் உள்ளே கிளம்பும் சமிக்ஞையை அணைத்துவிடுவது இந்த நொதி. இதைத் தடுத்தால் இன்சுலினின் வேலை நீடிக்கும் என்பதால் சீன ஆய்வகங்கள் பல ஆண்டுகளாகத் தம் மூலிகைகளில் இதற்கான தடுப்பான்களைத் தேடுகின்றன. ஏராளமாகக் கண்டும் இருக்கின்றன. ஆனாலும் பிடிபி-1பியைத் தடுக்கும் நீரிழிவு மாத்திரை இன்றுவரை மருந்துக்கடைக்கு வரவில்லை. நொதி செல்லுக்குள் இருக்கிறது. மூலக்கூறு முதலில் குடலைத் தாண்டி, கல்லீரலில் சிதையாமல் தப்பி, ரத்தத்தில் போய், செல் சவ்வைத் துளைத்து உள்ளே நுழைய வேண்டும். தாவரப் பொருள்களில் பெரும்பாலானவை இந்தப் பயணத்தின் முதல் கட்டத்திலேயே காணாமற்போகும்.

குடல் சுவரின் நொதிகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவை உணவுப் பாதையிலேயே நிற்கின்றன. சாப்பாட்டுக்கு முன் குடித்த கஷாயம் ரத்தத்தில் ஒரு துளி கலக்காவிட்டாலும் அவற்றைத் தொட்டுவிடும். மூலிகைச் சாறு வேலை செய்ய வாய்ப்பு மிகுந்த இடம் எது என்று கேட்டால், உடலிலேயே இந்த இடம்தான். ஆகவே ஆல்ஃபா-குளுக்கோசிடேஸில் தேடுவது அறிவுள்ள தேடல். எந்த ஆல்ஃபா-குளுக்கோசிடேஸில் தேடுகிறோம் என்பதில்தான் சங்கடம் தொடங்குகிறது.

வேதிப்பொருள் விற்கும் நிறுவனங்களிடம் மலிவாகவும் தூய்மையாகவும் கிடைப்பது ரொட்டி ஈஸ்டிலிருந்து எடுத்த நொதி. ஆய்வுக் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை அதையே பயன்படுத்துகின்றன. பெயர் ஒன்றே, குலம் வேறு. ஈஸ்டின் நொதியும் மனிதக் குடலின் நொதியும் பரிணாமத்தில் தனித்தனிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. வெட்டும் இடத்தின் வடிவமும் அதனால் வேறுபடுகிறது. இதை நிரூபிக்க அகார்போஸே போதும். நோயாளிகளிடம் பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் இந்த மாத்திரை, எலிக் குடலின் நொதியை மிகச் சிறு அளவிலேயே அடக்கிவிடும். ஈஸ்ட் நொதியிடமோ அதற்குப் பல நூறு மடங்கு கூடுதலாக ஊற்றினால்தான் கொஞ்சம் அசையும். இப்போது, ‘எங்கள் மூலிகைச் சாறு அகார்போஸைவிடப் பல மடங்கு வலியது’ என்று ஈஸ்ட் நொதியை வைத்து ஒரு கட்டுரை சொன்னால் அதற்கு என்ன பொருள்? வேலை செய்யாத இடத்தில் அகார்போஸை நிறுத்தி வைத்து அதை முந்தியிருக்கிறார்கள், அவ்வளவே. இந்த வாக்கியம் ஆண்டுதோறும் கட்டுரைகளில் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. சீனத்திலும் உண்டு, நம்மிடமும் உண்டு. எலிக் குடல் பொடி விலைக்குக் கிடைக்கிறது. மனித நொதியையே செல் வளர்ப்பில் உண்டாக்கவும் வழி இருக்கிறது. ஆய்விதழ்கள் ஈஸ்ட் நொதியை மட்டும் வைத்து எழுதிய நீரிழிவுக் கட்டுரையைத் திருப்பி அனுப்பத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிப் பாதி துவர்ப்பிலிருந்து வருகிறது. கடுக்காய், தான்றிக்காய், மாதுளம்பழத் தோல், தேயிலை, எந்தப் பட்டையானாலும் துவர்க்கிறதென்றால் அதில் டானின்கள் உண்டு. டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தோலைப் பதனிட நம் முன்னோர் ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தியது இந்தக் குணத்துக்காகத்தான். நொதியும் புரதம். ஆகவே துவர்ப்பான சாறு கிட்டத்தட்ட எந்த நொதியின் குழியில் விழுந்தாலும் அந்த நொதி முடங்கும். அது நீரிழிவு நொதியைத் தேடிப்பிடித்துத் தடுக்கவில்லை. கைக்கெட்டிய புரதத்தையெல்லாம் சுருட்டுகிறது. சோதனைக்கு முன் டானினை நீக்கிப் பார்க்காத முடிவை நம்புவது கடினம்.

இதைவிட நுட்பமான ஏமாற்று ஒன்றை அமெரிக்காவில் பிரையன் ஷோய்கெட்டின் குழு 2002-இல் வெளிப்படுத்தியது. சில சிறு மூலக்கூறுகள் தண்ணீரில் தனித்தனியாகக் கரையாமல் கூடிக்கூடித் திரள்களாக மிதக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் திரள்களின் மேல் நொதி போய் ஒட்டிக்கொண்டு செயலிழக்கும். தட்டில் பார்ப்பவருக்கு அருமையான தடுப்பான் கிடைத்ததுபோல் தோன்றும். வெங்காயத் தோலில் நிறைந்திருக்கும் குவர்செடின் இப்படித் திரளும் பொருள்களில் ஒன்று. கண்டுபிடிக்கும் வழி வேடிக்கையாக எளிது. குழியில் மிகச் சிறிதளவு சோப்புத்தன்மையுள்ள திரவம் சேர்த்தால் திரள் கலைந்துவிடும். அதன்பிறகும் தடுப்பு நீடித்தால் மேலே போகலாம். மறைந்துபோனால் அங்கேயே விட்டுவிடலாம்.

கஷாயத்தில் சேரும் மஞ்சள் இன்னொரு பாடம். சோதனையில் அளப்பது மஞ்சள் நிறம். சாறே மஞ்சளாக இருந்தால் கருவி எதை அளக்கும்? நொதி இல்லாத குழியில் அதே சாற்றை வைத்து அதன் நிறத்தைக் கழித்துக்கொள்ளாமல் விட்டால் எண் தவறும். மஞ்சளின் குர்குமின் நிறத்தால் மட்டுமல்லாமல் திரள்வதாலும், புரதங்களோடு வினைபுரிவதாலும், கரைசலில் தானே சிதைவதாலும் சோதனைகளைப் பலவாறு குழப்பும் என்று 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் விரிவாக எழுதினார்கள். மஞ்சள் பயனற்றது என்று அதற்குப் பொருள் இல்லை. குர்குமினைப் பற்றித் தட்டுகள் சொன்ன ஆயிரம் நல்ல செய்திகளை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள்.

இத்தனை சல்லடைகளையும் தாண்டி, அசலாக நின்று காட்டிய ஒன்று அதே கஷாயத்தில் இருக்கிறது: பொன்குறண்டி. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் படரும் கொடி. சித்த வைத்தியத்தில் கடலழிஞ்சில் என்ற பெயரில் ஆவாரைக் குடிநீரில் சேர்வதும் சலாசியா என்ற இதே இனம். சிங்களவர்கள் கொத்தல ஹிம்புட்டு என்பார்கள். அதன் கட்டையைக் கடைந்து குவளையாக்கி, இரவில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது இலங்கையில் நீரிழிவுக்கு நெடுநாள் வழக்கம்.

1997-இல் ஜப்பானில், கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தின் மசாயுகி யோஷிகாவாவும் குழுவினரும் இந்தக் கொடியிலிருந்து சலாசினோல் என்ற மூலக்கூறைப் பிரித்தார்கள். அடுத்த ஆண்டு கோட்டலனோல் கிடைத்தது. இவற்றின் அமைப்பைக் கண்ட வேதியியலாளர்கள் வியந்தார்கள். சர்க்கரை வளையத்தில் வழக்கமாக ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நேர் மின்னேற்றம் கொண்ட கந்தகம்; அதைச் சமன்செய்ய அதே மூலக்கூறில் எதிர் மின்னேற்றம் கொண்ட சல்ஃபேட். இயற்கையில் அதுவரை யாரும் பார்த்திராத கட்டமைப்பு. நொதி ஒரு சர்க்கரைப் பிணைப்பை வெட்டும் கணத்தில் சர்க்கரை நேர் மின்னேற்றத்தோடு உருக்குலைந்து நிற்கும். சலாசினோல் எப்போதுமே அந்தக் கோலத்தில் இருக்கிறது. நொதி அதை வெட்டவேண்டிய சர்க்கரை என்று இறுகப் பற்றிக்கொள்ளும். வெட்டவும் முடியாது, எளிதில் விடவும் முடியாது. கனடாவில் மரியோ பிண்டோ இந்த மூலக்கூறுகளை ஆய்வகத்தில் செய்துகாட்டினார். டேவிட் ரோஸின் குழு மனிதக் குடலின் மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸோடு கோட்டலனோலைச் சேர்த்துப் படிகமாக்கி, எந்த அணு எதைத் தொடுகிறது என்று எக்ஸ்-கதிரில் பார்த்தது. அந்த நொதியின் ஒரு பாதியில் அகார்போஸைவிடச் சலாசியாவின் மூலக்கூறுகள் பல மடங்கு உறுதியாகப் பிணைகின்றன. இது ஈஸ்டில் பார்த்த வெற்றி இல்லை. மனித நொதியில் பார்த்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆய்வகங்கள் பெரும்பாலும் மெத்தனாலிலோ எத்தனாலிலோ சாறு எடுக்கின்றன. நோயாளி குடிப்பது கஷாயம்; சரக்கின் எடைக்குப் பதினாறு மடங்கு தண்ணீரில் கொதிக்கவைத்து எட்டில் ஒன்றாக வற்றவைப்பது முறை. மெத்தனாலில் இறங்கிய பொருள் தண்ணீரில் இறங்கியிருக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. சலாசினோல் தண்ணீரில் நன்றாகக் கரையும். கஷாயத்துக்கும் மரக்குவளைக்கும் அது பொருந்துகிறது.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். இலங்கையில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 51 பேரிடம் கொத்தல ஹிம்புட்டு தேநீரையும் வெறும் தேநீரையும் மூன்று மூன்று மாதம் மாற்றிக் கொடுத்து நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. எது எந்தத் தேநீர் என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, மூலிகை குடித்த காலத்தில் குறைந்திருந்தது. சிறிய ஆய்வு, சிறிய குறைவு. ஆனால் நேர்மையான முறையில் நடந்தது. ஜப்பானில், புகைப்படச் சுருளுக்குப் பெயர்போன ஃபூஜிஃபிலிம் இன்று சலாசியாச் சாற்றை மாத்திரையாக விற்கிறது.

கொடி நம்முடையது, கஷாயம் நம்முடையது. மூலக்கூறைக் கண்டது கியோட்டோ, அதன் பிடியைப் படமெடுத்தது கனடா, விற்பது தோக்கியோ. இதை யார்மேலும் குற்றமாகச் சொல்லவில்லை; அவர்கள் உழைத்தார்கள், பெற்றார்கள். அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதற்குச் சீனத்தின் மல்பெரிக் கதை நல்ல சான்று.

மல்பெரிச் செடியின் பாலில் டியாக்ஸிநோஜிரிமைசின் என்ற பொருள் உண்டு. சர்க்கரையைப் போலவே உருவம். வளையத்தில் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன். தன்னைத் தின்ன வரும் புழுக்களின் சர்க்கரைச் செரிமானத்தை முடக்கத்தான் செடி இதை வைத்திருக்கிறது. பட்டுப்புழு மட்டும் தப்புகிறது. அதன் குடல் நொதி இந்த நஞ்சுக்கு மசியாதபடி மாறியிருக்கிறது. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் பட்டு வளர்க்கும் விவசாயிகள் தினமும் அரிந்து போடும் தழையில் மற்றப் புழுக்களுக்கு நஞ்சு இருக்கிறது, மனிதனுக்கு அது மருந்தாகலாம். 1970-களில் ஜப்பானியர்கள் இதை மல்பெரியிலிருந்து பிரித்தார்கள். மிக்லிட்டோல் என்ற மாத்திரை இதன் வழிவந்தது.

சீன ஆய்வாளர்கள் மல்பெரியின் சுள்ளியை எடுத்துக்கொண்டார்கள். அங்கே மூலிகைகளைச் சலிக்கும் முறைகளும் முன்னேறியிருக்கின்றன. நொதியைக் காந்தத் துகள்களின்மேல் ஒட்டவைத்துக் கஷாயத்துக்குள் இறக்குகிறார்கள். நொதியைப் பற்றிக்கொண்ட மூலக்கூறுகள் மட்டும் காந்தத்தோடு வரும், மற்றவை கழுவப்பட்டுப் போகும். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதுதான். பிடிபட்டவை எவை என்று நிறை நிறமாலைமானி சொல்லிவிடும். ஆனால் மல்பெரிச் சுள்ளியை மருந்தாக்கியது இந்தக் கருவிகள் மட்டும் இல்லை. சுள்ளியிலிருந்து ஆல்கலாய்டுகளைத் தனியே பிரித்து, ஒவ்வொரு மாத்திரையிலும் எது எவ்வளவு என்று நிலைப்படுத்தி, 600 நோயாளிகளிடம் 24 வாரம் அகார்போஸோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். எச்பிஏ1சி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரு சதவீதப் புள்ளிக்குச் சற்றுக் கீழே, குறைந்தது. வயிற்றுத் தொந்தரவு மல்பெரியில் குறைவு. 2020-இல் சீன அரசு அதை நீரிழிவு மருந்தாக அங்கீகரித்தது.

நிசாகதகாதிக்கோ ஆவாரைக் குடிநீருக்கோ இப்படி ஓர் ஆய்வு நடத்த என்ன குறை? மூலநூலில் உள்ள மருந்துக்கு உரிமம் பெறப் புதிய மருத்துவச் சோதனை கட்டாயமில்லை என்பது நம் சட்டம். ஆகவே அவசரம் யாருக்கும் இல்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் இருப்பதை எண்ணிப் பாருங்கள். பாப்பனங்கோட்டில் வேதியியல் இருக்கிறது. பாலோட்டில் 1979 முதல் ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்டம் இருக்கிறது. அதன் இயக்குநராக இருந்த ஏ. சுப்பிரமணியம் நீரிழிவைத் தணிக்கும் தாவரங்களைப் பற்றி ஒரு பெரும் நூலே எழுதியிருக்கிறார். ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் இருக்கிறது. பூஜப்புரையில் சித்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1889-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய பாடசாலையிலிருந்து வளர்ந்த ஆயுர்வேதக் கல்லூரியும், அரசு மருத்துவக் கல்லூரியும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. சித்தமும் ஆயுர்வேதமும் அலோபதியும் ஒரே நகரப் பேருந்தில் எட்டும் தொலைவில் இருக்கும் ஊர் வேறு எது? நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை.

கிழக்கே அகத்தியமலை. அந்த மலைக்கு ஒரு முன்வரலாறும் உண்டு. 1987-இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் காட்டுக்குள் போன ஆய்வுக் குழுவுக்கு அங்கு வாழும் காணிப் பழங்குடி மக்கள், களைப்பு தெரியாமல் நடக்க ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழங்களைக் காட்டினார்கள். அதிலிருந்து உருவான ஜீவனி என்ற மருந்தின் உரிமம் 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய ஃபார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் கொடுக்கப்பட்டது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. உலகம் பேசிய ஏற்பாடு அது. பொன்குறண்டிக்கும் இப்போதே அப்படி யோசிக்க வேண்டும், அதுவும் இன்னும் கவலையோடு. ஆரோக்கியப்பச்சையின் பழத்தைப் பறித்தால் செடி பிழைக்கும். பொன்குறண்டியில் வேண்டுவது வேர்; வேரைத் தோண்டினால் கொடியே போய்விடும். மெதுவாக வளரும் கொடி, காட்டில் ஏற்கெனவே அருகிவருகிறது. தோட்டத்தில் வளர்க்கும் வழியைப் பாலோடு போன்ற இடங்கள் உறுதி செய்யாமல் பெரிய சோதனையும் கூடாது, பெரிய சந்தையும் கூடாது.

என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஐந்தாண்டுக்கு இன்னொரு நூறு இலைகளை ஈஸ்ட் நொதியில் சலிக்கும் பணத்தை ஒரே ஒரு கஷாயத்தில் போடட்டும். எந்த மலையில் எடுத்த வேர், எவ்வளவு சலாசினோல் என்று ஒவ்வொரு புட்டிக்கும் அளந்து எழுதட்டும். சில நூறு பேருக்கு அளந்த சோறும் கிழங்கும் கொடுத்து, கஷாயத்தோடும் கஷாயம் இல்லாமலும் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று கையில் ஒட்டும் உணர்கருவியால் இரவு பகலாகப் பார்க்கட்டும். கல்லீரலும் சிறுநீரகமும் நலமாக இருக்கின்றனவா என்று ஓராண்டு கவனிக்கட்டும். முடிவு ‘பயன் இல்லை’ என்று வந்தாலும் அச்சிடட்டும்.

அதுவரை இந்தக் கஷாயங்களைக் குடிப்பவர்கள் மருத்துவர் எழுதிய மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். குடிப்பதை மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவருக்குச் சில வேளை சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, கை நடுங்கி வியர்க்கும். வீட்டில் உடனே ஒரு பிடி சர்க்கரையையோ வெல்லத்தையோ வாயில் போடுவார்கள். அகார்போஸ், வோக்லிபோஸ் எடுப்பவருக்கு அது உடனே உதவாது. சர்க்கரையும் வெல்லமும் சுக்ரோஸ். அதை வெட்டவேண்டிய குடல் நொதி தடுக்கப்பட்டிருக்கிறது. பொன்குறண்டி தடுப்பதும் அதே நொதிகளைத்தான் என்பதால் அதைக் குடிப்பவரும் அதே எச்சரிக்கையோடு இருப்பது நல்லது. அப்போது வேண்டியது, வெட்டவே தேவையில்லாத குளுக்கோஸ். மருந்துக்கடையில் பொடியாகக் கிடைக்கிறது. ஒரு பொட்டலம் வீட்டிலும் ஒன்று பையிலும் இருக்கட்டும்.